குட்டியானை டைமிங் பெல்ட்: பில்லில் "ஸ்பார்க் பிளக் 2" என்று இருக்கிறதே, நம்பலாமா?

பாலாடா_கேரட் | ஜனவரி 4, இரவு 8.40

ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவிலிருந்து எழுதுகிறேன். போன மாதம்தான் பழைய குட்டியானை (டாடா ஏஸ்) ஒன்று கைக்கு வந்தது. 702 சிசி டீசல், இரண்டு சிலிண்டர், ரீடிங் 1,86,000. கேரட்டைக் கழுவி மூட்டை போட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்க வேண்டும், வரும்போது உரமோ தவிடோ ஏற்றி வர வேண்டும். வாரத்துக்கு நான்கு நடை.

பழைய ஓனர் கொடுத்த பிளாஸ்டிக் கவரில் ஆர்.சி., இன்சூரன்ஸோடு ஒரு பட்டறை பில்லும் இருந்தது. இரண்டு வருடப் பழசு. "டைமிங் பெல்ட் 1, ஸ்பார்க் பிளக் 2, லேபர்" என்று எழுதியிருக்கிறது. கிலோமீட்டர் எழுத வேண்டிய இடம் காலி.

இரண்டு வருடத்துக்கு முன் மாற்றிய பெல்ட்டை இன்னும் எத்தனை நாள் நம்பலாம்? அதோடு ஸ்பார்க் பிளக்கையும் இப்போதே மாற்றிவிடலாமா? இந்த வாரம் தோட்டமெல்லாம் உறைபனி. விடியற்காலை நாலரைக்கு செல்ஃப் அடித்தால் நாலாவது, ஐந்தாவது தடவைதான் பிடிக்கிறது. பிடித்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, பிறகு சரியாகிவிடுகிறது.

ஸ்பேனர்_குன்னூர் | ஜனவரி 4, இரவு 9.15

தம்பி, ஸ்பார்க் பிளக்குக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டாம். உங்கள் வண்டியில் அது கிடையாது. டீசலில் பொறியே இல்லை. காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். உங்கள் இன்ஜினில் இருப்பது ஹீட்டர் பிளக், சிலிண்டருக்கு ஒன்று. வண்டி ஓடும்போது அதற்கு வேலை இல்லை. காலையில் செல்ஃப் அடிக்கும் முன் சில நொடி பழுக்கக் காய்ந்து, உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றைச் சூடாக்கிக் கொடுக்கும். அவ்வளவுதான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். காற்றும் குறைவு, அதுவும் பனியில் குளிர்ந்த காற்று, அழுத்தினாலும் சூடு போதவில்லை. எரியாத டீசல்தான் அந்த வெள்ளைப் புகை. ஒரு ஹீட்டர் பிளக் செத்திருந்தாலும் மேட்டுப்பாளையத்தில் யாருக்கும் தெரியாது. பாலாடாவில் நாலரை மணிக்குத் தெரிந்துவிடும்.

பெல்ட் விஷயம் வேறு. பிஸ்டன் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது அதுதான். அந்த பில்லை நம்பி ஒரு நடைகூட இறக்காதீர்கள். பெல்ட் கவரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள்.

கல்லட்டி_36 | ஜனவரி 4, இரவு 9.32

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் பில் போட்டவன் மொட்டைத் தலைக்குச் சீப்பு விற்றவன். அவன் போட்டதாகச் சொல்லும் பெல்ட்டும் அப்படித்தான் இருக்கும்.

ஸ்பேனர்_குன்னூர் | ஜனவரி 4, இரவு 9.50

அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பட்டறையில் கை கறுத்தவன் ஒருவன், பில் எழுதுபவன் இன்னொருவன். "பிளக் ரெண்டு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் வெளியே உட்கார்ந்திருப்பவன் "ஸ்பார்க்" சேர்த்து எழுதிவிடுவான். எண்ணிக்கை இரண்டு என்று சரியாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவதை வைத்து மலை இறங்க முடியாது.

மன்னவனூர்_பூண்டு | ஜனவரி 5, காலை 6.20

கொடைக்கானல் பக்கத்திலிருந்து என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதே வண்டி, இதே இன்ஜின். மூன்று வருடத்துக்கு முன் மன்னவனூரிலிருந்து பூண்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போய்க்கொண்டிருந்தேன். பெருமாள்மலை தாண்டி இறக்கத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சீட்டுக்கு அடியில் "டக்" என்று ஒரே ஒரு சத்தம். இன்ஜின் நின்றுவிட்டது. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் பெடல் இரண்டாவது மிதிக்குள் கல்லாகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மண் மேட்டுப் பக்கம் உரசி நிறுத்தினேன். சிகரெட் பழக்கமே இல்லாத கிளீனர் அன்றைக்கு என்னிடம் சிகரெட் கேட்டான்.

டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடைவெளி சொற்பம். பெல்ட் அறுந்தால் வால்வைத் திறந்து மூடும் கேம் நின்றுவிடும், பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்தபடி நின்ற வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும். எனக்கு மூன்று வால்வு வளைந்தது, ஹெட் கழற்றி வேலை. பதினோரு நாள் வண்டி நின்றது. செலவைவிட அந்தப் பதினோரு நாள் வாடகை போனதுதான் வலி. பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

சமவெளி_சாரதி | ஜனவரி 5, காலை 9.05

எல்லோரும் சேர்ந்து ஆளைப் பயமுறுத்துகிறீர்கள். கம்பெனி புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று போட்டிருக்கிறான். அதைப் பார்த்து மாற்றினால் போதும். நான் திருப்பூரில் இரண்டு குட்டியானை ஓட்டுகிறேன். புத்தகக் கணக்கைத் தாண்டி ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை. சீக்கிரம் மாற்றச் சொல்வது மெக்கானிக் பிழைப்பு.

ஸ்பேனர்_குன்னூர் | ஜனவரி 5, பகல் 1.30

சாப்பாட்டு நேரத்தில் பதில் எழுதுகிறேன். திருப்பூருக்கு உங்கள் கணக்கு சரியாக இருக்கலாம். மலைக்கு ஒத்துவராது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் டாப் கியரில் 50 கி.மீ. வேகம் போகிறீர்கள். ஒரு கிலோமீட்டர் கடக்க 72 நொடி, இன்ஜின் 3,600 சுற்று. அதே 3,000 சுற்றில் லோடோடு பர்லியாறு தாண்டி செகண்ட் கியரில் 20 கி.மீ. வேகத்தில் ஏறினால் ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம், 9,000 சுற்று. மீட்டரில் இரண்டுக்கும் ஒரே ஒரு எண்தான் கூடும். பெல்ட்டுக்கு இரண்டரை மடங்கு வேலை. இறக்கத்திலும் அதே கதைதான். இன்ஜின் பிரேக்குக்காகச் சின்ன கியரில் கத்திக்கொண்டே இறங்குகிறோம். அப்படித்தான் இறங்கவும் வேண்டும், நியூட்ரலில் விடக் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு சுமார் 50 கி.மீ.தான். அதில் 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறோம்.

பெல்ட் கிலோமீட்டரை எண்ணுவதில்லை, சுற்றை எண்ணுகிறது. என்னிடம் வரும் மலை வண்டிகளுக்குப் புத்தகத்தில் போட்டிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஓடியதும் மாற்றச் சொல்கிறேன். ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் விலக்கு இல்லை, ரப்பர் வயதாகும். இதில் என் பிழைப்பும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஹெட் வேலை வந்தால் எனக்கு இன்னும் நல்ல பிழைப்பு!

பாலாடா_கேரட் | ஜனவரி 5, மாலை 6.10

இன்னொரு சங்கதி. பழைய ஓனருக்கு போன் போட்டேன். பெல்ட் மாற்றியது உண்மைதான் என்று சத்தியம் செய்கிறார். ஆனால் பேச்சுவாக்கில், "மீட்டர் கேபிள் ஒரு ஏழெட்டு மாதம் அறுந்து கிடந்தது, எஃப்.சி.க்குத்தான் மாற்றினேன்" என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் 1,86,000 என்பதும் சும்மா எண்தான். மீட்டரும் சரியில்லை, பில்லும் சரியில்லை. கவரைக் கழற்றப் போகிறேன். நண்பரின் பட்டறை கேத்தியில் இருக்கிறது, அவர் கூட இருப்பார். என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

ஸ்பேனர்_குன்னூர் | ஜனவரி 5, இரவு 8.00

பெல்ட், டென்ஷனர் பேரிங், கேம் ஆயில் சீல், கிராங்க் முன்பக்க சீல். பெல்ட்டை மட்டும் வாங்கிவிட்டு வராதீர்கள். பெல்ட் நன்றாக இருந்து டென்ஷனர் பேரிங் இறுகினாலும் முடிவு ஒன்றுதான். சீல் கசிந்து ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப் பல் பெயர்ந்து வரும். சீல் நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான். அதற்காக மறுபடி இதே இடத்தைத் திறப்பது முட்டாள்தனம். பெல்ட்டைக் கடையிலேயே கையில் வாங்கி நன்றாக வளைத்துப் பார்ப்பார்கள் சிலர், அதையும் செய்ய விடாதீர்கள். உள்ளே இருக்கும் நார் ஒடிந்தால் வெளியே தெரியாது.

ஹீட்டர் பிளக்கைக் கழற்றும் முன் ஒரு சோதனை. பிளக்கின் தலையில் இருக்கும் வயரை எடுத்துவிட்டு, 12 வோல்ட் பல்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை பிளக் தலையிலும் வையுங்கள். பல்ப் எரிந்தால் பிளக்கின் உள்கம்பி உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் செத்தது.

கழற்றுவதாக இருந்தால் நாள் பார்த்துச் செய்யுங்கள். லோடு இறக்கிவிட்டு வந்த சூட்டிலேயே சாயங்காலம் ஹீட்டர் பிளக்கை எடுங்கள். குளிர்ந்தபின் முறுக்கினால் ஹெட்டுக்குள்ளேயே ஒடியும், அப்புறம் கேரட் பணம் முழுக்க லேத்துக்குத்தான். ஓட்டையைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு இரவு முழுக்க ஆற விடுங்கள். பெல்ட் வேலை காலையில், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது. பிளக் இல்லாததால் அழுத்தம் இருக்காது, கிராங்கைக் கையால் சுற்ற லேசாக இருக்கும். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யச் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான்.

வர்க்கி_வேன் | ஜனவரி 5, இரவு 9.20

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். கோத்தகிரியில் எங்களுக்குச் சின்ன பேக்கரி. வர்க்கி, பன் கொண்டுபோக பழைய மாருதி ஆம்னி வேன் வைத்திருக்கிறோம். பெட்ரோல், கார்புரேட்டர் வண்டி. எங்களுக்கு நிஜமாகவே ஸ்பார்க் பிளக் உண்டு! நாலு மாதத்துக்கு ஒருமுறை மூன்றும் கரி பிடித்து, ஏற்றத்தில் திக்குகிறது. கோயம்புத்தூரில் ட்யூன் செய்து வந்தால் அங்கே பஞ்சு மாதிரி ஓடுகிறது, இங்கே வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. பிளக் கம்பெனியை மாற்ற வேண்டுமா அண்ணா?

ஸ்பேனர்_குன்னூர் | ஜனவரி 5, இரவு 9.45

கம்பெனி மேல் தப்பு இல்லை அம்மா. கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. கீழே அளந்த பெட்ரோலை ஏறக்குறைய அப்படியே இங்கேயும் ஊற்றும். காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு, எரியாத மிச்சம் கரியாகப் பிளக்கில் உட்காரும். கோயம்புத்தூர் 400 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800-க்குப் பக்கம். வண்டி எந்த ஊரில் ஓடுகிறதோ அந்த ஊரில் ட்யூன் செய்யுங்கள். புது இன்ஜெக்ஷன் வண்டிகளில் சென்சார் இதைப் பார்த்துக்கொள்ளும்.

பிளக் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாகப் பிசுபிசுத்தால் ஆயில் ஏறுகிறது, அது ரிங்கோ வால்வ் சீலோ. வெளுத்துச் சுட்ட மாதிரி இருந்தால் பெட்ரோல் போதவில்லை. உங்கள் வண்டிக்கு இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ., ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். கழற்றும்போது குட்டியானைக்குச் சொன்னதற்கு நேர் எதிர்: இன்ஜின் ஆறிய பிறகுதான். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். புதுசைப் போடும்போது ஸ்பேனரை எடுக்காமல் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, போதும்.

மன்னவனூர்_பூண்டு | ஜனவரி 6, காலை 6.45

பாலாடா தம்பிக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். என் பெல்ட் அறுவதற்கு முந்தின வாரம் வண்டி செல்ஃப் எடுக்காமல் இரண்டு நாள் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தேன். இறக்கத்தில் உருட்டி செகண்ட் கியரில் கிளச்சை விட்டால் "கடக்" என்று ஒரு உதை விழும் இல்லையா, அந்த உதை முழுக்க பெல்ட்டின் பல்லில்தான் இறங்குகிறது. பழைய பெல்ட்டுக்கு அது ஆகாது.

கல்லட்டி_36 | ஜனவரி 6, காலை 7.30

அது மட்டுமா? நிறுத்தும்போதும் பிரச்சினை உண்டு. ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தி ஃபர்ஸ்ட் கியர் போடுகிறோம். லோடு வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்தால் இன்ஜின் தலைகீழாகச் சுற்றும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி ரிவர்ஸ் போட்டாலும் அதேதான். தலைகீழாகச் சுற்றும்போது பெல்ட்டின் இறுக வேண்டிய பக்கம் தளரும், தளர்ந்த பெல்ட் பல் தாவும். அதற்காகக் கியர் போடாமல் விட்டுவிடாதீர்கள். கியரும் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். கிளம்பும்போது கல்லை எடுத்து வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். வளைவில் கிடக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு சோம்பேறி கிளீனர் இருக்கிறான்.

பாலாடா_கேரட் | ஜனவரி 8, இரவு 9.00

வேலை முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

சனிக்கிழமை மேட்டுப்பாளையம் போய் வந்த சூட்டில் நேரே கேத்திக்கு விட்டோம். சீட்டைத் தூக்கி, பல்ப் வைத்துப் பார்த்ததில் ஒரு ஹீட்டர் பிளக்கில் எரிந்தது, இன்னொன்றில் எரியவில்லை. இரண்டையும் எடுத்தோம். இரண்டுமே பாஷ் கம்பெனி, மரையெல்லாம் பளபளவென்று இருந்தது, ஒரே நாளில் போட்ட பிளக்குகள்தான். ஸ்பேனர் அண்ணா சொன்னதுதான் நடந்திருக்கிறது. பில் எழுதியவன் பெயரை மாற்றி எழுதியிருக்கிறான், பிளக் போட்டது உண்மை.

மறுநாள் காலை கவரைக் கழற்றினோம். பெல்ட்டும் புதுசுதான்! முதுகில் அச்சடித்த எழுத்துகூட பாதி படிக்க முடிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், கவரை மாட்டிவிடலாம் என்றேன். நண்பர் பேசாமல் பெல்ட்டைத் தளர்த்தி, டென்ஷனரை விரலால் சுண்டினார். நல்ல பேரிங் சத்தமில்லாமல் கொஞ்சம் சுற்றி நிற்குமாம். இது உளுந்து வறுக்கிற மாதிரி கரகரவென்று அரைத்துக்கொண்டு அரைச் சுற்றில் நின்றது. பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. வண்டியோடு பிறந்த பேரிங்காகத்தான் இருக்கும். இரண்டு வருடம் முன்பு பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டென்ஷனரையே மாட்டியிருக்கிறார்கள்.

கேம் சீலும் கசிந்திருக்கிறது. பெல்ட்டின் உள்விளிம்பில் ஒரு விரல்கடை அகலத்துக்கு ஆயில் ஊறி, அந்தப் பக்கம் மட்டும் ரப்பர் மெத்தென்று இருந்தது. நகத்தால் கீறினால் கறுப்பாகக் கையோடு வருகிறது. பல்லின் அடியில் முடி மாதிரி வெடிப்பு. பெல்ட்டைத் திருப்பிப் பிடித்தால்தான் தெரிகிறது. மேலே பார்த்தால் புதுசு, அடியில் இப்படி.

பெல்ட் கழற்றும் முன் கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்று புல்லியிலும் வெள்ளைப் பெயிண்டில் பொட்டு வைத்தோம். புது பெல்ட் மாட்டியதும் நான் சாவியை எடுக்கப் போனேன், நண்பர் கையில் ஒரு அடி. கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினார். அப்போதுதான் கேம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வருமாம். மூன்று பொட்டும் நேருக்கு வர வேண்டும். முதல் தடவை பம்ப் பொட்டு ஒரு பல் தள்ளி நின்றது. மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி இரண்டு சுற்று. இரண்டாவது தடவை சரி.

ஸ்பேனர்_குன்னூர் | ஜனவரி 8, இரவு 9.25

உங்கள் நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கையால் சுற்றும்போது எங்கேயாவது இடித்தால் நிறுத்திக்கொள்ளலாம். செல்ஃப் அடித்துவிட்டால் வால்வ் போன பிறகுதான் தெரியும். டைட் எப்படிப் பார்த்தார்?

பாலாடா_கேரட் | ஜனவரி 8, இரவு 9.40

நீளமான பக்கத்தில் இரண்டு விரலால் பெல்ட்டை முறுக்கிப் பார்த்தார். கால் சுற்று திரும்பி நின்றது. அதற்கு மேல் திரும்பினால் தளர்வு, திரும்பவே மறுத்தால் பேரிங்கைத் தின்றுவிடும் என்றார்.

இன்றைக்கு நாலரைக்கு வெளியே வந்தால் கண்ணாடியில் பனி கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வழக்கம்போல வெந்நீர்ச் சொம்போடு வந்தார், இன்ஜின் மேல் ஊற்ற. சில்லென்று கிடக்கும் ஹெட்டில் வேண்டாம் தாத்தா என்று கும்பிட்டு, ஹீட்டர் விளக்கு அணையும் வரை நின்று செல்ஃப் அடித்தேன். முதல் தடவையிலேயே பிடித்தது. வெந்நீரில் அவரே முகம் கழுவிக்கொண்டு போனார்.

சமவெளி_சாரதி | ஜனவரி 9, காலை 8.15

நேற்று படித்ததும் என் வண்டி ஒன்றின் கவரைத் திறந்தேன். சீல் கசிவு இருக்கிறது. சமவெளிதான், இருந்தாலும் திறந்தது நல்லதாயிற்று. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

வர்க்கி_வேன் | ஜனவரி 9, காலை 11.00

இங்கேயே ட்யூன் செய்தோம். பிளக் நிறம் பார்க்க இன்னும் ஒரு வாரம் ஓட வேண்டும். ஏற்றத்தில் திக்குவது இப்போதே குறைந்திருக்கிறது அண்ணா.

ஸ்பேனர்_குன்னூர் | ஜனவரி 9, பகல் 1.20

நல்லது அம்மா. பாலாடா தம்பி, தேதியும் ரீடிங்கும் எங்கே குறித்து வைத்தீர்கள்? பில்லில் மட்டும் என்று சொல்லிவிடாதீர்கள்.

பாலாடா_கேரட் | ஜனவரி 9, மாலை 5.45

பெல்ட் கவரின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறேன் அண்ணா. அடுத்து வாங்குகிறவன் திறந்ததும் கண்ணில் படும். "பெல்ட், டென்ஷனர், 2 சீல், 2 ஹீட்டர் பிளக்" என்று.

ஸ்பேனர்_குன்னூர் | ஜனவரி 9, மாலை 6.00

பேனாவிலா? ஆயில் ஆவியில் மூன்று மாதத்தில் அழிந்துவிடுமே.

பாலாடா_கேரட் | ஜனவரி 9, மாலை 6.05

பெயிண்ட் அண்ணா. பொட்டு வைத்த அதே டப்பா.